குடைக்காரரின் ஓட்டு

குடைக்காரர் இறந்து மூன்றாவது வாரம் நடந்த கூட்டத்துக்கு அவர் வந்திருந்தார் என்று சாவிக்காரர் தன் கைப்பட எழுதினார். 'வருகை தந்தோர்' என்று தலைப்புப் போட்டு, அடியில் கோடு கிழித்து, ஒன்று மருந்துக்கடை, தலைவர், இரண்டு லாட்ஜ், மூன்று போட்டோ ஸ்டூடியோ, நான்கு சாவிக்கடை, செயலாளர் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவர், ஐந்து என்று எண்ணைப் போட்டுவிட்டுப் பேனாவைத் தூக்கிக்கொண்டு மற்ற மூன்று பேரையும் பார்த்தார். மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைத் தவிர வேறொன்றும் கிடையாது. அப்படியொரு தொட்டி உலகத்தில் இருப்பது அன்றுதான் தெரிந்ததுபோல மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவிக்காரர் ஐந்துக்குப் பக்கத்தில் 'குடைக்கடை' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தார்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கடைவீதி ஆலோசனைக் குழுவில் ஏழு பேர். ஐந்து பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஒருவர் கடையை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போய்விட்டார். இன்னொருவர், போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். அந்த இரண்டு இடங்களையும் நிரப்பித் தரச்சொல்லி நகராட்சிக்கு எழுதி இரண்டு வருஷம் ஆகிறது. 'பரிசீலனையில் உள்ளது' என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதில் வரும்; பதிலில் தேதி மட்டும் மாறும். மிச்சமிருந்த ஐந்து பேரில் ஒருவர் குறைந்தால் குழு தானாகக் கலைந்துவிடும். கலைந்தால் வீதி பார்க்கிங் குத்தகைக்காரர் கைக்குப் போகும். அவர் ஏற்கெனவே ஒருமுறை அளவு நாடாவோடு வந்து வீதி முழுக்க அளந்துவிட்டுப் போனவர். மருந்துக்கடை வாசற்படியையும், அதில் உட்கார்ந்திருந்த ஒரு நோயாளியையும் சேர்த்து அளந்தார் என்று பேச்சு.

குழுவுக்கு அதிகாரம் என்று எதுவும் கிடையாது. ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். கேட்டே ஆகவேண்டும் என்று நகராட்சிக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் கேட்டார்கள். கேட்காவிட்டால் தாங்களே உட்கார்ந்து யோசிக்க வேண்டிவருமே. மாதத்தின் முதல் புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு, தபால் நிலையத்து மாடியில், மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றுகிற அறையில் கூட்டம். எந்த மூலையில் குப்பைத் தொட்டி வைப்பது, சரக்கு லாரி எத்தனை மணிக்கு வரலாம், நடைபாதையில் பூந்தொட்டி வைத்தால் அதில் யார் துப்புவார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். அடுத்த மாதம் அந்த மூலையில் தொட்டி வந்து உட்கார்ந்திருக்கும். தான் எழுதிய வரி ஒன்று தெருவில் தொட்டியாகவும் கம்பமாகவும் எழுந்து நிற்பதைப் பார்க்கிறபோது சாவிக்காரருக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு வரும். சாவி அறுப்பதில் அந்த மிதப்பு கிடையாது. சாவி யார் வீட்டுக் கதவையோ திறக்கும். நாம் போய்ப் பார்க்கவா முடியும்?

குடைக்காரர் ஒன்பது வருஷம் அந்தக் குழுவில் இருந்தார். மடக்கின குடை மாதிரி ஒல்லியாக, நெட்டையாக இருப்பார். எல்லோரும் பேசி முடித்து, முடிவு எழுதப்போகிற நேரத்தில் ஒரு விரலைத் தூக்கி, "ஒரே ஒரு விஷயம்" என்பார். ஒன்பது வருஷத்தில் அவர் எதிர்க்காத தீர்மானம் இல்லை. நாற்காலிக்குப் புது மெத்தை போடலாம் என்ற தீர்மானத்தையும், அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே எதிர்த்தார். ஆனால் மற்றதெல்லாம் வாய்க்கு வேலை. மனசுக்குள் இருந்தது ஒரே ஒரு விஷயம்தான்: சந்து வாசல்.

குடைக்கடை இருந்த சந்து ஒன்பதடி அகலம். சந்து கடைவீதியில் வந்து சேருகிற இடத்தில், நாலடிக்கு ஆறடியில், பச்சைத் தகரம் அடித்த பெட்டி ஒன்று நின்றது. அதுதான் சாவிக்காரரின் கடை. 'தற்காலிக அனுமதி' என்று ஒரு சீட்டு வாங்கி முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் இறக்கி வைத்தது. குறுக்கே வைத்திருந்ததால் ஒன்பதில் ஆறு போய் மிச்சம் மூணு. அந்த மூணடியில் ஆள் போகலாம், சைக்கிள் போகலாம், பீரோவைக்கூடச் சாய்த்துப் பிடித்தால் கொண்டுபோய்விடலாம்.

"ஒரு அவசரம்னா என்ன போகும்?" என்று குடைக்காரர் கேட்பார்.

அதற்குப் பதில் எழுதவேண்டிய கை சாவிக்காரருடையது. அவர் ஒரு வழி வைத்திருந்தார். பொருள் பட்டியலில் சந்து வாசலைக் கடைசியாக வைப்பார். குப்பை, லாரி, பூந்தொட்டி எல்லாம் கடந்து அங்கே வந்து சேரும்போது ஐந்து மணி அடிக்கும். ஐந்து மணிக்கு வெளியூர் பஸ் வரும்; அதில் லாட்ஜுக்கு ஆள் வரும்; லாட்ஜ்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். 'நேரமின்மையால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.' இந்த வரியைச் சாவிக்காரர் பதினான்கு முறை எழுதியிருந்தார். பதினைந்தாவது முறை எழுதுவதற்கு மை நிரப்பி வைத்திருந்தார். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது குடைக்காரர் அவர் தோளில் கை போட்டுக்கொள்வார். "உன்மேல எனக்குக் கோபமே இல்லப்பா. பெட்டிமேலதான்" என்பார். இரண்டு பேரும் சேர்ந்தே டீ குடிப்பார்கள்.

பதினைந்தாவது கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு காலை பதினொரு மணிக்குக் குடைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் ஏழே நிமிஷத்தில் வந்தது. வந்து பச்சைப் பெட்டிக்கு முன்னால் நின்றது. டிரைவர் இறங்கிப் பெட்டியைப் பார்த்தார், தன் வண்டியைப் பார்த்தார், சந்தைப் பார்த்தார். "உள்ள வராதுங்க" என்றார். கடை சந்தின் அடிக்கோடியில் இருந்தது. ஸ்ட்ரெச்சரின் சக்கரம் அந்தக் கரடுமுரடான கல்லில் உருளவில்லை. கையில் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். நான்கு முனையில் ஒரு முனை சாவிக்காரர் கையில் இருந்தது. வாசலுக்கு வந்ததும், பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே தூக்குகிறவர்களோடு சேர்ந்து ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டியிருந்தது. சாய்த்தபோது குடைக்காரரின் கை நழுவி வெளியே தொங்கி, பெட்டியின் பக்கவாட்டில் மாட்டியிருந்த சாவிக்கொத்துகளில் பட்டது. அத்தனை கொத்தும் கலகலவென்று ஆடின. பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் வழக்கமாகச் சொல்கிறதுதான். ஆனால் சாவிக்காரர் அந்தப் பத்து நிமிஷத்தை மனசுக்குள் நடந்து நடந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது பெட்டியின் முன்னால்தான் வந்து நின்றது.

யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடைக்காரரின் மகள் அழுத கண்ணோடு வந்து, "மாமா, நீங்க ஓடிவந்து தூக்கலைன்னா அப்பா இவ்வளவு தூரம்கூட வந்திருக்க மாட்டாரு" என்று நன்றி வேறு சொன்னாள். திட்டியிருந்தால் சாவிக்காரர் அன்றைக்கே தூங்கியிருப்பார்.

அதற்குப் பிறகு சாவிக்கொத்துகள் தாமாகவே ஆட ஆரம்பித்தன. காற்று இருக்காது, ஆள் போயிருக்க மாட்டார்கள். நடுப்பகலில், மிஷினில் சாவி அறுத்துக்கொண்டிருக்கும்போது, பக்கவாட்டில் கலகலவென்று ஒரு சத்தம். திரும்பினால் கொத்துகள் அசையாமல் தொங்கும், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் திரும்பினதும் கையைக் கட்டிக்கொள்கிற பிள்ளைகள் மாதிரி. அவர் கொத்துகளைக் கழற்றி உள்ளே ஒரு டப்பாவில் போட்டு மூடினார். டப்பாவுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. திரும்ப எடுத்து வெளியிலேயே மாட்டிவிட்டார். காற்றின் மேலாவது பழி போடலாமே.

இது ஒரு பக்கம் இருக்க, கூட்டங்களுக்குக் குடைக்காரர் தவறாமல் வந்துகொண்டிருந்தார். முதல் மாதக் குறிப்பில் எல்லாத் தீர்மானத்துக்கும் அவர் 'ஆமோதித்தார்' என்று சாவிக்காரர் பொத்தாம்பொதுவாக எழுதி அனுப்பினார். நான்கே நாளில் நகராட்சியிலிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது: 'குடைக்கடை உறுப்பினர் அனைத்தையும் ஆமோதித்ததாகக் காண்கிறது. அவர் உடல்நலம் சரிதானா என்று தெரிவிக்கவும்.'

"பாத்தீங்களா? செத்துட்டாருன்னு நாம சொல்லாமலே கண்டுபிடிச்சிருவானுங்க போல" என்றார் லாட்ஜ்காரர்.

"அப்ப எதிர்க்கச் சொல்லுங்க. ஆனா நியாயமா எதிர்க்கச் சொல்லுங்க. பொறந்ததுலேர்ந்து அவரு பொய்யா எதிர்த்ததில்ல" என்றாள் மருந்துக்கடை அக்கா. ஐம்பது வயதுக்காரி, டாக்டர்கள் எழுதுகிற சீட்டையே எதிர்த்துப் பேசக்கூடியவள். எல்லோருக்கும் அவள் அக்கா, அவளைவிட மூத்தவர்களுக்கும்.

ஆகவே இரண்டாவது மாதம் சாவிக்காரர் பேனாவைப் பிடித்துக்கொண்டு, குடைக்காரராக இருந்தால் என்ன சொல்வார் என்று யோசித்தார். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'ஒரே ஒரு விஷயம்' என்று எழுதியதும் மிச்சம் தானாக வந்தது. காலையில் லாரிகளைத் தடுக்கவேண்டாம், அவை நிற்கிற இடத்தை மாற்றினால் போதும், பின்தெரு பத்து மணி வரை காலியாகத்தான் கிடக்கிறது என்றார் குடைக்காரர். மாற்றினார்கள். கடைவீதியில் காலை நேரத்து ஹாரன் சத்தம் பாதியாகக் குறைந்தது. பஸ் நிறுத்தத்தை நாற்பதடி தள்ளிப் போட்டால் வங்கிச் சுவரின் நிழல் சும்மா கிடைக்கும், தகரக் கூரை போடும் செலவே வேண்டாம் என்றார். தள்ளினார்கள். சனங்கள் நிழலில் நின்று, இதை யார் யோசித்ததோ என்று பேசிக்கொண்டார்கள். ஐந்தாவது மாதம், சாலை கடக்கிற இடத்தில் பச்சை விளக்கு பதினெட்டு விநாடிதான் எரிகிறது, கைத்தடி வைத்து நடக்கிறவருக்கு இருபத்தாறு விநாடி வேண்டும், நானே நின்று எண்ணிப் பார்த்தேன் என்றார்.

சாவிக்காரர் எண்ணிப் பார்த்ததில்லை. குறிப்பைக் கூட்டத்தில் வாசித்துவிட்டு, மறுநாள் காலை கைக்கடிகாரத்தோடு அந்த விளக்குக்குப் போய் நின்றார். பதினெட்டு எரிந்தது. கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் வந்தார். கடந்து முடிக்க இருபத்தாறு. தற்செயலாக இருக்கும் என்று இன்னொரு அம்மாளுக்காகக் காத்திருந்தார். அந்த அம்மாளுக்கும் இருபத்தாறு. கடைக்குத் திரும்பி வந்து ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தார்.

"உசிரோட இருந்தப்ப இந்த ஆளு இவ்வளவு உருப்படியா பேசினதா ஞாபகமே இல்லையேய்யா" என்று லாட்ஜ்காரர் ஆச்சரியப்பட்டார்.

"பேசினாரு. நீங்க அஞ்சு மணிக்கு எழுந்திரிச்சுப் போயிருவீங்க" என்றார் ஸ்டூடியோக்காரர். ஆயுள் முழுக்க மற்றவர்களைச் சிரிக்கச் சொல்லியே பிழைத்தவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

பதினோராவது மாதம் ஒரு மதியம், குடைக்காரரின் மகள் கையில் ஒரு பெரிய பழுப்பு உறையோடு பச்சைப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். அப்பாவுக்குப் பிறகு அவள்தான் குடைக்கடையைப் பார்த்துக்கொள்கிறாள். அதே நெட்டை, அதே ஒல்லி. சாவிக்காரர் மிஷினை நிறுத்தினார்.

"அப்பாவுக்கு லெட்டர் வந்திருக்கு, மாமா."

வாங்கிப் பார்த்தார். இந்த ஆண்டின் சிறந்த ஆலோசனை உறுப்பினராகக் குடைக்காரர் தேர்வு செய்யப்பட்டிருக்கிறார். வருகை நூற்றுக்கு நூறு. மற்ற குழுக்களின் உறுப்பினர்களுக்கு அவருடைய அர்ப்பணிப்பு ஒரு முன்மாதிரி என்றும் எழுதியிருந்தது. உயிரோடு இருந்தபோது, குழுவில் ஏழு பேரும் இருந்த காலத்தில், மழை பெய்தால் வியாபாரம் என்று அவர் பாதிக் கூட்டத்துக்கு வரமாட்டார்.

சாவிக்காரர் எதையும் மறைக்கவில்லை. ஐந்து பேர் கணக்கைச் சொன்னார், குத்தகைக்காரரைச் சொன்னார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்ததைக்கூடச் சொன்னார். அவள் கோபப்படுவாள் என்று ஒரு கையால் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கோபப்படவில்லை.

"என்ன பேசினாரு?" என்று கேட்டாள்.

"யாரு?"

"அப்பா. பதினோரு மாசமா வந்திருக்காரே. என்ன பேசினாருன்னு படிக்கணும்."

மினிட்ஸ் நோட்டைக் கொடுத்தார். அவள் பெட்டிக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து, அப்பாவின் பெயர் வருகிற இடமெல்லாம் விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள். "'பூந்தொட்டி வைத்தால் பூவுக்குத்தான் அவமானம்.' அப்பாவேதான்" என்றாள். இரண்டு பேர் சாவி அறுக்க வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் வருவதாகச் சொல்லிப் போனார்கள். கடைசிப் பக்கத்தைப் படித்ததும் திரும்ப முதல் பக்கத்துக்குப் போனாள். எதையோ தேடுகிறாள் என்று சாவிக்காரருக்குத் தெரிந்தது. என்ன தேடுகிறாள் என்பதும் தெரிந்தது.

"இந்தச் சந்து வாசல் பத்தி ஒண்ணுமே சொல்லலையா, மாமா?"

சாவிக்கொத்துகள் கலகலவென்று ஆடின. அவள் நிமிர்ந்து பார்த்தாள். இதுவரை தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று சாவிக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றார்.

அவள் நோட்டை மூடி, அதன் மேல் படிந்திருந்த பித்தளைத் தூளை உள்ளங்கையால் துடைத்து, அவரிடம் கொடுத்தாள். "மறந்திருப்பாரு. அடுத்த கூட்டத்துல சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டு, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே தோளைச் சற்றே திருப்பிக்கொண்டு நுழைந்து, சந்துக்குள் நடந்துபோனாள். அவள் சொன்னதில் கிண்டல் இருந்ததா என்று அவர் அன்று பொழுது சாயும் வரை யோசித்தார். இல்லை. அதுதான் தாங்கவில்லை.

வீட்டில் அவர் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். "ஏன், சாவியைத் தொலைச்சவன் மாதிரி உக்காந்திருக்கீங்க? அவன்தான் உங்களைத் தேடி வரணும்."

"பெட்டியை எடுத்துட்டா நாம என்ன பண்றது?"

அவள் கை நின்றது. வேறு கடை பிடிக்கக் கடைவீதியில் அவர்களுக்கு வழியில்லை என்பதும், அறுபத்தொரு வயதில் தெருத்தெருவாகப் பையைத் தூக்கிக்கொண்டு பூட்டு ரிப்பேர் என்று கூவ முடியாது என்பதும் இருவருக்கும் தெரியும். அந்தப் பெட்டிதான் மகனைப் படிக்கவைத்தது. அந்தப் பெட்டிதான் இந்த வீட்டின் கூரை.

"எடுக்கச் சொல்லி யாரு கேட்டா?"

"குடைக்காரரு."

அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவரை நீங்கதான் ஓடிப்போய்த் தூக்கினீங்கன்னு இந்த ஊரே சொல்லுது. நீங்க மட்டும் ஒருநாளும் சொன்னதில்ல" என்றாள். பிறகு தண்டுகளை முறத்தில் ஒதுக்கிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

அடுத்த புதன்கிழமைக்கு முந்தின நாள், பொருள் பட்டியலை எழுத நோட்டைத் திறந்தால், அது ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. சாவிக்காரரின் கையெழுத்துதான். 'ப'வின் வால் வளைவது அவருக்கே உரியது. ஆனால் எழுதின ஞாபகம் அவருக்கு இல்லை. பொருள் ஒன்று: சந்து வாசல். கொண்டுவந்தவர்: குடைக்கடை. குப்பையும் லாரியும் அதற்குக் கீழே அடக்க ஒடுக்கமாக நின்றன. அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தார். நிப்பு காய்ந்திருந்தது. வேறு பேனா எடுத்தார். அதுவும் காய்ந்திருந்தது. கடைக்குப் போய்ப் புதுப் பேனா வாங்கியிருக்கலாம். ஸ்டேஷனரி கடை பத்தடி தூரம்தான். அவர் போகவில்லை. இதற்கெல்லாம் ஆவியைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

கூட்டத்தில் அவர் பொருள் ஒன்றை வாசித்தார். மணி மூன்று பத்து. ஐந்து அடிக்க ஒரு யுகம் இருந்தது.

"யாருய்யா இதைக் கொண்டுவந்தது?" என்றார் லாட்ஜ்காரர்.

"அதான் போட்டிருக்கே."

"போட்டது நீதானே?"

"நான் எழுதுறவன். சொல்றவரு அவரு."

நான்கு பேரும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். வழக்கம்போல ஐந்து டீ வந்திருந்தது. நாற்காலிக்கு எதிரே இருந்ததில் ஆடை கட்டியிருந்தது. மருந்துக்கடை அக்கா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். அன்றைக்கு மாத்திரையை எடுத்துக்கொண்டு சந்துக்குள் ஓடியவள் அவள். ஸ்ட்ரெச்சர் சாய்ந்ததைப் பின்னால் நின்று பார்த்தவளும் அவள்தான்.

"இருக்கறதை இருக்கறபடி பேசிருவோம்" என்றாள். "பெட்டி போகணும்னு யாரு சொல்றீங்க?" சொல்லிவிட்டு, சாவிக்காரரைப் பார்க்காமல் தன் கையைத் தூக்கினாள். ஸ்டூடியோக்காரரும் தூக்கினார். போட்டோவுக்கு நிற்பதுபோல நேராக உட்கார்ந்துகொண்டு தூக்கினார்.

"வேண்டாம்னு?"

லாட்ஜ்காரர் உடனே தூக்கினார். அவருக்குச் சாவிக்காரர்மேல் நிஜமாகவே பிரியம் உண்டு. நடைபாதைமேல் நீட்டிக்கொண்டிருந்த தன் போர்டின் மேலும் பிரியம் உண்டு. சாவிக்காரரின் கையும் மேலே போனது. அவர் தூக்கவில்லை, அது போனது. முப்பத்தோரு வருஷம் காலையில் ஷட்டரைத் தூக்கின பழக்கம்.

"ரெண்டுக்கு ரெண்டு" என்றாள் அக்கா. பிறகு, மற்ற பதினோரு மாதங்களில் கேட்டது மாதிரியேதான், ஆனால் இந்த முறை சிரிக்காமல், "குடைக்காரர் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

லாட்ஜ்காரர் எழுந்து நின்றுவிட்டார். "இது என்ன கூத்து? செத்தவன் ஓட்டு எப்படிச் செல்லும்? லாரிக்கும் பூந்தொட்டிக்கும் எழுதினோம், சரி. ஒரு மனுஷன் வயித்துப் பிழைப்புக்குமா? உள்ளதை எழுதுய்யா. அவரு போயி பதினோரு மாசம் ஆச்சு, கூட்டம் செல்லாது, தீர்மானம் செல்லாதுன்னு உண்மையை எழுதிரு. குழு கலைஞ்சா கலையட்டும். உன் பெட்டி நிக்கும்."

அந்த அறையில் பதினோரு மாதமாக யாருக்கும் தேவைப்படாமல் கிடந்த உண்மை, இப்போது சாவிக்காரரைக் காப்பாற்றுவதற்காக எழுந்து வந்திருந்தது. எழுதினால் ஒரு பொய்கூடக் கிடையாது. எந்தக் கோர்ட்டிலும் நிற்கும். சாவிக்காரர் நோட்டைப் பார்த்தார். அவருடைய கை இன்னும் மேலேயே இருந்தது. அதை இறக்கி, தன் ஓட்டை மாற்றிச் சொன்னாலே போதும், மூன்றுக்கு ஒன்று என்று முடிந்துவிடும். இறந்தவரை இழுக்கவே வேண்டாம். அது அவரால் முடியவில்லை. தன் வாயால், தன் பெட்டி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தவிரவும் இந்த ஓட்டு தன்னுடையது இல்லை என்று அவருக்குத் தோன்றியது. பதினான்கு முறை ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்; ஒருமுறைகூட அதை எண்ணவில்லை.

இடது கை மேலேயே இருக்க, வலது கையால் பேனாவை எடுத்தார். காய்ந்துதான் இருக்கும் என்று நினைத்தார். மை தாராளமாக வந்தது. 'குடைக்கடை: ஆதரவு. மூன்றுக்கு இரண்டு. தீர்மானம் நிறைவேறியது.' எழுதியதை உரக்க வாசித்தார், அதுதான் முறை. லாட்ஜ்காரர் மெதுவாக உட்கார்ந்தார்.

"பைத்தியக்காரா" என்றார், மிகவும் அன்பாக.

"அடுத்த பொருள்" என்றாள் அக்கா. கண்ணாடியை இன்னும் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த பொருள் குப்பை.

இரண்டு உறுப்பினர்களை நியமிக்க இரண்டு வருஷம் யோசித்த நகராட்சி, பெட்டியை எடுக்க ஒன்பது நாள்தான் எடுத்துக்கொண்டது. காலை ஆறு மணிக்கு ஒரு கிரேன் வந்தது. மிஷினையும் பூட்டுகளையும் சாவிக்காரர் முந்தின மாலையே இரண்டு மூட்டையாகக் கட்டிவிட்டிருந்தார். தபால் நிலையத்து மாடிப்படிக்குக் கீழே மிஷினைப் போட்டுக்கொள்ள ஒரு மாதத்துக்கு அனுமதி கிடைத்திருந்தது. தற்காலிகம் என்று சீட்டில் எழுதியிருந்தது. சங்கிலியை மாட்டி இழுத்ததும் பெட்டி ஒருமுறை முனகியது. தரையை விட்டு எழும்பி, ஆகாயத்தில் அரைச் சுற்றுச் சுற்றி, லாரியில் போய் உட்கார்ந்தது. இவ்வளவு லேசானதா அது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பெட்டி இருந்த இடத்தில் தரை வெளுத்திருந்தது. முப்பத்தோரு வருஷம் வெயிலோ மழையோ காலோ படாத கல், நாலடிக்கு ஆறடி, கோடு போட்டு வரைந்த மாதிரி. அவர் எதிர்ப்புறம் தபால் நிலையத்துப் படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைகள் திறந்தன. சனங்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு பெண் கைபேசியில் பேசிக்கொண்டே சந்துக்குள் நுழைய வந்தாள். வெளுத்த கட்டத்துக்குப் பக்கத்தில் வந்ததும், பேச்சை நிறுத்தாமல், தோளைச் சற்றே திருப்பிக்கொண்டு, அந்த மூணடியில் ஒதுங்கிப் போனாள். பின்னால் ஒரு சைக்கிள் வந்தது. அதுவும் வளைந்து போனது. அட்டைப்பெட்டிகளைத் தலைக்குமேல் அடுக்கிக்கொண்டு வந்த சுமைக்காரர், முன்னால் ஒன்றுமே தெரியாதவர், சரியாக அந்த மூலையில் நின்று, பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து, நுழைந்தார். சந்துக்குள்ளிருந்து குடைக்காரரின் மகள் வந்தாள். அகலமான வாசலை ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு அவளும் சுவரோரமாகவே நடந்து வெளியே வந்தாள்.

பத்து மணிக்குச் சாவிக்காரர் எழுந்தார். நேராக நடந்து அந்தக் கட்டத்தின் நடுவே போய் நிற்கவேண்டும் என்றுதான் வீதியைக் கடந்தார். விளிம்புக்கு வந்ததும் அவருடைய கால்கள், அவரைக் கேட்காமல், வலப்பக்கம் திரும்பின. சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் போய் நின்றார். இருபுறமும் சனங்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறி, வெளுத்த கல் கண்ணைக் கூசவைத்தது. ஒருவரும் அதை மிதிக்கவில்லை, உள்ளே யாரோ வேலையாக இருப்பதுபோல.